‘குரூசின்’ இசைத்தட்டு வரிசை: பதின்மூன்று ஆண்டுகள், பதின்மூன்று குரல்கள்

அமெரிக்காவில் இன்க்ரீஸ் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனம் 1970-இல் வெளியிடத் தொடங்கிய ‘குரூசின்’ இசைத்தட்டு வரிசையை ஓராண்டுக்கும் மேலாக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, 1955 முதல் 1967 வரை ஆண்டுக்கு ஒன்றாக அமைந்த பதின்மூன்று தட்டுகளையும் சென்ற மாதம்தான் கேட்டு முடித்தேன். பழைய பாட்டுத் தொகுப்புதானே என்று முள்ளை வைப்பவர் ஏமாந்துபோவார். இவற்றில் பாட்டுக்கு எவ்வளவு மதிப்போ, அந்தப் பாட்டை ஒலிபரப்பிய மனிதரின் பேச்சுக்கும் அவ்வளவு மதிப்பு. ஒரு தட்டு என்பது ஓர் ஊர், ஒரு வானொலி நிலையம், ஓர் ஆண்டு, ஒரு டிஸ்க் ஜாக்கி, அதாவது தட்டுகளைப் போட்டுப் பேசும் அறிவிப்பாளர். அந்தக் காலத்தில் அந்த நிலையத்தில் மெய்யாகவே வேலைபார்த்தவரை மறுபடியும் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரவைத்து, தம் பழைய நிகழ்ச்சியைத் தாமே நடத்திக்காட்டும்படி கேட்டிருக்கிறார்கள். நிலையத்தின் பெயரைப் பாடும் மெட்டுத் துணுக்குகளும் விளம்பரங்களும் நகைச்சுவையும் பாட்டுகளுக்கு நடுவே வந்துபோக, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் ஓர் ஊரின் இரவு கண்முன் வந்துவிடுகிறது.

எங்கள் வீடு இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த வீடு. பாட்டைவிட, பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் மயில்வாகனன் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்த கதையை என் தந்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அறிவிப்பாளர் என்பவர் இரண்டு பாட்டுகளை ஒட்டும் பசை அல்லர் என்பது எனக்குப் புதிய செய்தியன்று. ஆகவே இந்த வரிசையைப் பாடல்களுக்காக நான் வாங்கவும் இல்லை.

புதிதாகக் கேட்பவர் 1961-இல் தொடங்கலாம். பாஸ்டன் நகரின் டபிள்யூ.எம்.இ.எக்ஸ். நிலையத்தில் இரவு நிகழ்ச்சி நடத்திய ஆர்னி கின்ஸ்பர்க்கின் தட்டு அது. கம்பீரம், ஆழம், மென்மை என்று வானொலிக் குரலுக்கு என்னென்ன இலக்கணம் வகுத்திருந்தார்களோ அவற்றில் ஒன்றும் அவரிடம் இல்லை. மூக்கால் வரும் கீச்சுக்குரல் அவருடையது. அதைத் தாமே கேலிசெய்துகொண்டு, ரயில் ஊதல், மணி, ஹாரன் என்று கைக்கெட்டிய சத்தங்களையெல்லாம் எழுப்பி, குறையையே அடையாளமாக்கிக்கொண்டவர். ‘வூ வூ’ என்ற பட்டப்பெயரும் அந்த ரயில் ஊதலிலிருந்து வந்ததுதான். பாஸ்டனுக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு டிரைவ்-இன் உணவகம் ‘கின்ஸ்பர்கர்’ என்று அவர் பெயரிலேயே ஒரு பர்கரை விற்றது. காரில் அமர்ந்தபடி ‘வூ வூ கின்ஸ்பர்க்’ என்று சொல்லிக் கேட்பவருக்கு இரண்டாவது பர்கர் இலவசம். பள்ளி முடித்து அப்போதுதான் கார் ஓட்டக் கற்ற பிள்ளைகள் ஓர் அறிவிப்பாளரின் பெயரைக் கடவுச்சொல்போலச் சொல்லிச் சிற்றுண்டி வாங்கியிருக்கிறார்கள். நம்மூர் அறிவிப்பாளர் எவருக்கும் அவர் பெயரில் ஒரு தோசைகூட வாய்க்கவில்லை என்று சற்றே பொறாமையாகத்தான் இருந்தது.

இந்தத் தொழிலின் நுணுக்கத்தைத் தட்டுகள் விளக்கிச் சொல்வதில்லை, செய்துகாட்டுகின்றன. சுழல்மேடை கீழே சுற்றிக்கொண்டிருக்க, அதன்மேல் போட்ட கம்பளி விரிப்பில் இருக்கும் தட்டை விரல்நுனியால் நகராமல் பிடித்திருந்து, தம் பேச்சின் கடைசி அசை முடியும் கணத்தில் விரலை எடுப்பார்கள். பாட்டு இழுபடாமல், முழு வேகத்தில், சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு தொடங்கும். பெரிய நகரங்களின் நிலையங்களில் இதைச் செய்யத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒலிப்பொறியாளர் தனியே இருந்தார். சிறிய நிலையங்களில் பேசுபவரே தட்டை மாற்றி, விளம்பர நாடாவைப் போட்டு, தொலைபேசியில் நேயர் விருப்பமும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைவிடக் கடினம், பாடகர் வாய் திறப்பதற்கு முன் வரும் முன்னிசையின்மீது பேசுவது. பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் நேரமும் நிலையத்தின் பெயரும் ஒரு நகைச்சுவையும் சொல்லி, முதல் சொல் வருவதற்கு இமைப்பொழுது முன்னால் நிறுத்திவிட வேண்டும். ஒரு சொல் கூடினாலும் பாட்டைக் கெடுத்த பழி. ஒரு நொடி குறைந்தாலும் நடுவே வெறுமை. 1963-ஆம் ஆண்டுத் தட்டில் நியூயார்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையத்து பி. மிச்செல் ரீட் இதைச் செய்யும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். லாஸ் ஏஞ்சலஸில் இருந்தபோது ‘மேற்கின் அதிவேக நாக்கு’ என்று விளம்பரப்படுத்தப்பட்டவர் அவர். அந்தப் பெயர் மிகையில்லை.

1960-ஆம் ஆண்டுத் தட்டு டிக் பியோண்டியுடையது. பஃபலோ நகரின் டபிள்யூ.கே.பி.டபிள்யூ. நிலையத்தின் நிகழ்ச்சி. 50,000 வாட் ஆற்றலுள்ள அந்த நிலையத்தின் மத்திய அலை, இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கிழக்குக் கரையெங்கும் இறங்கும். பகலில் ஓர் ஊருக்குப் பேசியவர் இருட்டிய பிறகு பல மாநிலங்களுக்குப் பேசினார். தலையணைக்கடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு கேட்ட பிள்ளைகளுக்காகவே அப்படிக் கத்தினாரோ என்று தோன்றும் அளவுக்கு இந்தத் தட்டில் ஓர் அலறல் இருக்கிறது. பியோண்டி அதே 1960-இல் சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்துக்குப் போனார், 1963-இன் தொடக்கத்தில், அமெரிக்கா இன்னும் பெயர்கூடக் கேள்விப்படாத பீட்டில்ஸின் பாட்டை ஒலிபரப்பினார், அதே ஆண்டில் அந்த வேலையையும் இழந்தார். வேலை போவதும் வேறு ஊரில் வேலை கிடைப்பதும் அவருக்குப் பழகிப்போன ஒன்று. புகழ் உச்சத்தில் இருக்கும்போதே பெட்டியைக் கட்டத் தயாராக இருப்பது இந்தத் தொழிலில் இயல்பாகவே இருந்தது.

பதின்மூன்று தட்டுகளையும் ஆண்டு வரிசையில் கேட்டால், தயாரித்தவர்கள் எங்கும் எழுதிவைக்காத ஒரு மாற்றம் காதில் விழும். 1955-இல் சான் பிரான்சிஸ்கோவின் ‘ஜம்பிங்’ ஜார்ஜ் ஆக்ஸ்ஃபோர்டு பேசும்போது அவசரமே இல்லை. நிகழ்ச்சி அவருடைய வீடு, பாட்டு அவர் அழைத்துவந்த விருந்தாளி. 1965-க்கு வரும்போது, லாஸ் ஏஞ்சலஸின் கே.எச்.ஜே. நிலையத்தில், ராபர்ட் டபிள்யூ. மார்கன் என்ற மிகச் சிறந்த கலைஞர் தமக்கு அளந்து கொடுத்த நொடிகளுக்குள் கச்சிதமாகப் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இடையில் நடந்தது என்ன என்பதை அறிய வெளியே போய்ப் படிக்க வேண்டியிருந்தது.

நடந்தது இரண்டு. முதலாவது ‘பேயோலா’ என்று அவர்கள் பெயரிட்ட மாமூல். எந்தப் பாட்டைப் போடுவது என்பதை டிஸ்க் ஜாக்கியே முடிவுசெய்த காலத்தில், இசைத்தட்டு நிறுவனங்களின் ஆட்கள் அவர்களைத் தேடி வந்தது வியப்பில்லை. 1959 மே மாதம் மியாமி பீச்சில் நடந்த டிஸ்க் ஜாக்கிகள் மாநாட்டுச் செலவை அந்த நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்துவிட்டு, உள்ளூர்ச் செய்தித்தாள் ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்களில் தலைப்பிட்டது. தமிழில் சொன்னால் ‘மது, மாது, மாமூல்’. அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. வெளிப்படையாக அறிவிக்காமல் பணம் வாங்கிக்கொண்டு பாட்டுப் போடுவது 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உள்ள குற்றமாயிற்று. அதன் விளைவாக நிலைய முதலாளிகள் பாட்டுத் தேர்வை டிஸ்க் ஜாக்கியின் கையிலிருந்து பறித்து நிகழ்ச்சி இயக்குநரிடம் கொடுத்தார்கள். நிலைய உரிமையாளர்களான ஒமாஹாவின் டாட் ஸ்டார்ஸும் டாலஸின் கார்டன் மெக்லெண்டனும் முன்பே வளர்த்துவைத்திருந்த ‘டாப் 40’ முறைக்கு, அதாவது சில பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் முறைக்கு, இது மிகவும் வசதியாகப் போயிற்று. இரண்டாவது, 1965-இல் வானொலி ஆலோசகர் பில் டிரேக் கே.எச்.ஜே.யில் கொண்டுவந்த இறுக்கமான அமைப்பு: பேச்சைக் குறை, இடைவெளியை ஒழி, பாட்டைக் கூட்டு. நிலையம் விரைவிலேயே அந்நகரின் முதலிடத்துக்கு வந்ததால் நாடெங்கும் அதைப் பின்பற்றினார்கள்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த கே.எச்.ஜே.யில் நிகழ்ச்சி இயக்குநராக இருந்து, பேச்சை நொடிக்கணக்கில் நறுக்கிய ரான் ஜேக்கப்ஸ்தான் இந்த ‘குரூசின்’ வரிசையைக் கருத்தரித்துத் தயாரித்தவர். அங்கிருந்து விலகிய கையோடு, ஓயாமல் பேசிய பழைய ஆட்களைத் தேடிப் போய்ப் பேசச் சொல்லிப் பதிவுசெய்திருக்கிறார். குற்றவுணர்ச்சி என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் எதை வெட்டினோம் என்பது வெட்டியவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த அறிவு இந்தத் தட்டுகளின் ஒவ்வொரு இணைப்பிலும் கேட்கிறது. எங்கே நிறுத்துவது, எங்கே விளம்பரத்தை நுழைப்பது என்பதில் ஓரிடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். வேலைபார்த்தவரே வந்து நடத்திக்காட்ட வேண்டும் என்ற விதியே இந்த வரிசையின் பலம். அதுவே இதன் பெரிய பலவீனமும். உயிரோடு இருந்தவர்களின் வரலாறு மட்டுமே இதில் உண்டு. கிளீவ்லாந்தில் 1951 முதல் ‘மூன்டாக்’ என்ற பெயரில் இரவு நிகழ்ச்சி நடத்தி, கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசையை ராக் அண்ட் ரோல் என்ற பெயரால் நாடறியச் செய்த ஆலன் ஃப்ரீட் இதில் இல்லை. 1952 மார்ச் 21 அன்று அவர் ஏற்பாடு செய்த நடன விழாவுக்கு அரங்கின் கொள்ளளவை மீறி ஆயிரக்கணக்கானோர் கதவை உடைத்துக்கொண்டு நுழைய, தொடங்கிய வேகத்தில் விழாவை நிறுத்த வேண்டியதாயிற்று. 1954-இல் நியூயார்க் போனார், உச்சிக்கு ஏறினார், தாம் எழுதாத சக் பெர்ரியின் பாட்டில் இணை ஆசிரியராகப் பெயர் போட்டுக்கொண்டார். 1959 நவம்பரில், பணம் வாங்கியதே இல்லை என்று கையெழுத்திட்டுத் தரும்படி டபிள்யூ.ஏ.பி.சி. நிலையம் கேட்டபோது மறுத்து வேலையை இழந்தார். 1962-இல் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டதற்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 300 டாலர்தான். ஆனால் தொழில் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1965 ஜனவரியில், 43 வயதில், கலிஃபோர்னியாவில் இறந்தார். அவரையொத்த நிலையில் இருந்து, தாம் பங்கு வைத்திருந்த நிறுவனங்களை விற்றுவிட்டு, விசாரணைக் குழுவின்முன் அமைதியாகப் பதில் சொன்ன டிக் கிளார்க் தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகள் நிலைத்தார். ஒரே மாமூல், இரு வேறு முடிவுகள். இந்தத் தட்டுகளில் அதன் நிழல்கூட விழவில்லை.

மெம்ஃபிஸின் டூயி பிலிப்ஸும் இல்லை. 1968-இல் 42 வயதில் அவர் காலமாகிவிட்டார். 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் பாட்டை அவர் தம் நிகழ்ச்சியில் போட்டதும் தொலைபேசி ஓயாமல் அடித்தது. பாடிய பையனையே கலையகத்துக்கு வரவழைத்தார். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஹியூம்ஸ் உயர்நிலைப் பள்ளி என்றான் அந்தப் பத்தொன்பது வயதுப் பையன், ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமலே. நிறத்தால் பிரிக்கப்பட்ட அந்த ஊரில், பள்ளியின் பெயரைச் சொன்னால் போதும். பாடியவன் வெள்ளையன் என்பது அதுவரை வேறுவிதமாக நினைத்திருந்த நேயர்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நியூயார்க்கின் பீட்டர் டிரிப்பும், அப்போது உயிரோடு இருந்தும், இல்லை. அறக்கொடைக்காக 1959 ஜனவரியில் டைம்ஸ் சதுக்கத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து 201 மணி நேரம் தூங்காமல் நிகழ்ச்சி நடத்திய மனிதர் அவர். பின்னர் மாமூல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

இறந்தவர்களை அழைத்துவர முடியாது என்பதை ஏற்கலாம். ஆனால் பதின்மூன்று தட்டுகளில் ஒரு கறுப்பின டிஸ்க் ஜாக்கிகூட இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஆக்ஸ்ஃபோர்டும், 1959-ஆம் ஆண்டுத் தட்டில் வரும் லாஸ் ஏஞ்சலஸின் ஹண்டர் ஹான்காக்கும் கறுப்பின நேயர்களுக்காகவே பேசியவர்கள், இருவரும் வெள்ளையர். அந்தச் சந்தமும் கொச்சையும் எதுகையும் எங்கிருந்து வந்தன? நியூ ஆர்லியன்ஸில் வெர்னன் வின்ஸ்லோ என்ற கறுப்பினத்தவர் ஒரு நிலையத்துக்கு நிகழ்ச்சிப் பிரதி எழுதிக்கொடுத்து, எப்படிப் பேச வேண்டும் என்று வெள்ளை அறிவிப்பாளருக்குச் சொல்லியும் கொடுத்தார். ஒருமுறை தாமே ஒலிவாங்கியில் பேசிவிட்டதற்காக அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். மெம்ஃபிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. 1948-இல் நேட் டி. வில்லியம்ஸை அமர்த்தி, கறுப்பின நேயர்களுக்கென்றே நிகழ்ச்சிகளை மாற்றியமைத்தது. அவர் வரலாற்று ஆசிரியர். வானொலிப் புகழ் வந்த பிறகும் பள்ளியை விடவில்லை. ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் ஒரே காலத்தில் நிகழ்ச்சி நடத்திய ஜாக்கோ ஹெண்டர்சன் எதுகையும் இயைபுமாக அடுக்கிக்கொண்டே போனதில் பிற்கால ராப் இசையின் விதையைக் காண்பவர்கள் உண்டு. அவர் 1970-இல் உயிரோடுதான் இருந்தார். பெண் குரலும் ஒன்றுகூட இல்லை. மார்த்தா ஜீன் ஸ்டைன்பெர்க் அதே டபிள்யூ.டி.ஐ.ஏ.யில் ‘ராணி’ என்று பெயரெடுத்திருந்தும். ‘ராக் அண்ட் ரோல் வானொலியின் வரலாறு’ என்று உறையில் பொறித்துக்கொள்ளும் ஒரு வரிசைக்கு இது சிறிய விடுபடல் அன்று.

மற்ற குறைகள் சிறியவை. எல்விஸும் பீட்டில்ஸும் இல்லாத ராக் அண்ட் ரோல் இது; உரிமைச் சிக்கலை ஊகிக்கலாம், இருந்தாலும் 1964 என்று உறையில் போட்டுவிட்டு பீட்டில்ஸ் இல்லாமல் ஓட்டுவது மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம்தான். குரல்களுக்கு உறையில் அச்சிட்ட ஆண்டைவிட வயது கூடுதல் என்பதும் தெரிகிறது. முக்கியமாக முதல் மூன்று தட்டுகளில், அனுபவசாலி ஒருவர் தம் இளமையை நடிக்கும் மெல்லிய செயற்கை தட்டுப்படுகிறது. அக்காலத்து உண்மையான ஒலிபரப்புப் பதிவுகள் இரைச்சலும் கரகரப்புமாக இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் இவை துவைத்து இஸ்திரி போட்ட சட்டைகள். பாடல்களின் ஒலித்தரம் நன்று. உறைப் படங்கள் காமிக்ஸ் பாணியில், ஒரு காதல் ஜோடியை ஆண்டுக்காண்டு பின்தொடர்கின்றன. எனக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது பிடித்திருந்தது.

பிற்கால வாழ்க்கையைப் பற்றி உறைகளில் எதிர்பார்க்க வழியில்லை, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் சுவை கூடுகிறது. 1966-ஆம் ஆண்டுத் தட்டில் வரும் சியாட்டிலின் பாட் ஓடே, நடன நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்வதில் தொடங்கி, பெரும் இசை நிகழ்ச்சிகளின் ஏற்பாட்டாளரானார். 1964-இல் கிளீவ்லாந்தில் படபடவெனப் பேசும் ஜானி ஹாலிடே பின்னாளில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வர்ணனையாளர். 1958-இன் ஜாக் கார்னி, செயின்ட் லூயிஸுக்கே திரும்பி வந்து, கே.எம்.ஓ.எக்ஸ். நிலையத்தில் 1984-இல் இறக்கும்வரை அந்த ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்தார். 1963-இல் நாக்கால் பறந்த ரீடோ 1960-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸின் எஃப்.எம். நிலையங்களில் நீண்ட பாட்டுகளைப் போட்டு, மெதுவாக, மிகக் குறைவாகப் பேசத் தொடங்கியிருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அவரை அமைதியாக்கியிருக்க முடியாது. கடைசித் தட்டான 1967-இல் அட்லாண்டாவின் ‘டாக்டர்’ டான் ரோஸ் மணியடித்து, கடிஜோக்குகளை அடுக்கி, டிரேக்கின் இறுக்கத்தையெல்லாம் காற்றில் விடுகிறார்; காலை நிகழ்ச்சிக்கு மட்டும் அந்தச் சலுகை எப்போதும் இருந்தது, நம்மூர்ப் பண்பலைகளில் இன்றும் இருக்கிறது.

பதின்மூன்றையும் வாங்க வேண்டியதில்லை. 1961, 1963, 1965 ஆகிய மூன்றை இந்த வரிசையிலேயே கேட்டால் போதும். இசையும் வேண்டுமென்றால் 1959-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். பின்னாளில் குறுந்தகடாகவும் வந்திருக்கின்றன; கருப்புத் தட்டில்தான் கேட்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் அவற்றைத் தேடலாம். நான் பிடிவாதக்காரன். பழைய தட்டுகளை விற்பவர் ஒருவரிடமிருந்து ‘புதிது போலவே’ என்ற உறுதிமொழியோடு வந்த என் 1959-இன் முதல் பக்கத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆழமான கீறல். மாற்றுத் தட்டு கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆகவே ஹண்டர் ஹான்காக்கை இப்போதைக்கு இரண்டாம் பக்கத்திலிருந்துதான் கேட்கிறேன்.